லியோனாவுக்கு ஒரு படி

என் தங்கை வீட்டுக்காரன் எர்வின் யானாக் ஒரு படி வாங்கப் போனான். அவனுடைய பிக்கப் டிரக்கின் கதவுக்குக் கீழே மாட்டி, கால் வைத்து ஏறுகிற நீளத் தகரம், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதை போன போக்கில் அது எங்களுக்கே மறந்துபோனது.

தங்கை லியோனாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்திருந்தார்கள். கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். டாக்டர் கடைசியில் மனமிரங்கி, "தாழ்வா ஒரு படி மாட்டுங்க, ஏணி கீணி ஏறக் கூடாது, யாரும் தூக்கவும் கூடாது. படியில கால் வெச்சு நிதானமா ஏறி இறங்கினா பிக்னிக்குப் போகலாம். மெதுவா ஒரே ஒரு வால்ட்ஸ் ஆடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் மாதா கோயில் பிக்னிக் என்றால், செக் நாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கெல்லாம் வருஷத்தின் ஒரே திருநாள். அந்த நடனக் கொட்டகையில்தான் எர்வின் அவளை முதன்முதலில் ஆடக் கூப்பிட்டான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு வருஷம்கூட அந்த வால்ட்ஸை அவர்கள் விட்டதில்லை.

என் டிரக்கில் ஏற்றிப் போகலாம்தான். ஆனால் அவள் ஏற வேண்டிய பக்கத்துக் கதவை ஒரு காளை முட்டியதிலிருந்து அது திறப்பதில்லை. இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்து நானே படி செய்து தருகிறேன் என்றேன்.

"நீ பற்றவெச்சுக் குடுத்த கேட்டு என்னாச்சுன்னு பாத்தேன், அண்ணே" என்றாள் லியோனா. "மாடு தும்மினதுக்கே விழுந்துச்சு. எனக்கு ஒரு இடுப்பு ஏற்கெனவே போச்சு."

சரி, கடையிலேயே வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினோம். ஹூஸ்டன் போகிற பெரிய சாலையில் இருக்கிறது கர்னல் ஹாட்லியின் டிரக் மாளிகை. எங்கள் மாதா கோயிலைவிடப் பெரிய கட்டடம். அதன் மேல் பறக்கிற கொடியை இறக்கினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தையே போர்த்திவிடலாம். வாசலில் வெண்கல மணி ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். யாராவது செத்துவிட்டார்களோ என்று கேட்டேன். இல்லையாம். அவனுடைய டிரக்குக்கு அன்றுதான் சக்கரம் மாற்றியிருக்கிறார்களாம்.

எங்களிடம் வந்த விற்பனைக்காரன் பெயர் டிரிப். விற்பனைக்காரன் என்று சொல்லக் கூடாதாம். அவன் சட்டையில் 'வாகன வாழ்வு ஆலோசகர்' என்று தைத்திருந்தது. தாடிக்கு எண்ணெய் பூசியிருந்தான். விலை உயர்ந்த பூட்ஸ். அதில் ஒரு நாளும் சாணி பட்டதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்க சார். என்ன வேணும்?"

"ஒரு படி வேணும் சார்" என்றான் எர்வின். அவன் எல்லோரையும் சார் என்பான். எங்கள் ஊரில் நாயைக்கூட அதட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

டிரிப் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "முதல்ல கதையைக் கேக்கலாம் சார்."

"கதையா? பொண்டாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆச்சு, அதான்..."

"உங்க கதை இல்ல சார். வண்டியோட கதை."

வெளியே வந்து எர்வினின் டிரக்கை மூன்று தடவை சுற்றினான். குனிந்து சக்கரத்தைத் தொட்டான். நிமிர்ந்தபோது, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற டாக்டரின் முகம் அவனுக்கு வந்திருந்தது.

"தொழிற்சாலையில இருந்து வந்த மாதிரியே வெச்சிருக்கீங்க."

"ஆமா சார். நல்லா ஓடுது."

"ஓடுது சார். ஆனா வாழுதா?"

எர்வின் தன் டிரக்கைப் பார்த்தான். அதில் அவன் வைக்கோல் ஏற்றியிருக்கிறான், கம்பிச் சுருள் ஏற்றியிருக்கிறான், ஒரு பனிக்காலத்தில் செத்துப் பிழைத்த கன்றை முன் இருக்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். இந்தக் கேள்வியை அவன் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இது மாட்டுக்குத் தீனி போடுற வண்டிப்பா. ஒரு படியை எடுத்து மாட்டி விடு, நாங்க போறோம்."

டிரிப் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். "ஐயா வாங்குறவரா, கூட வந்தவரா?"

"கூட வந்தவன்."

"அப்ப உங்களுக்குத் தனி அறை இருக்குய்யா."

உண்மையாகவே இருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் 'உடன் வந்தோர் அறை'. உள்ளே பூராவும் பெண்கள். கடையில் பேசுவது எல்லாம் ஒலிபெருக்கி வழியே உள்ளே கேட்டது. கேட்கக் கேட்க மனைவிமார்களுக்கு டிரக்கின்மேல் மரியாதை வரும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கையாம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வாங்க வந்தார்மா?" என்று கேட்டேன்.

"கால்மிதி" என்றாள். "வந்தப்போ இவனுக்குப் பல்லு முளைக்கல."

குழந்தை பிஸ்கோத்தைக் கறமுறவென்று கடித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எர்வினுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அங்கேதான் அவன் தொலைந்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. நம்மைச் சார் என்று கூப்பிட்டுக் காப்பியும் ஊற்றிக் கொடுத்தவன் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. ஒரு மாட்டை இழந்தாலும் இழப்பார்கள், அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். இப்படித்தான் எர்வினின் அப்பா இரண்டு தடவை ஒரே பைபிள் தொகுப்பை வாங்கினார். இத்தனைக்கும் அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"படியை முதல்ல கேக்கிறது, பொண்ணு பாக்கிறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்குற மாதிரி சார்" என்று டிரிப் ஆரம்பித்தான். "படி எதைப் பொறுத்தது? உயரத்தை. உயரம் எதைப் பொறுத்தது? சக்கரத்தை. உங்க வண்டி இப்ப இருக்கிற உயரத்துல படி மாட்டினா, நான் ராத்திரி தூங்க முடியாது."

"அப்ப என்ன செய்யணும் சார்?"

"தூக்கணும் சார். ஆறு அங்குலம்."

"ஏறுறதுக்குத்தான் கஷ்டம்னு..."

"அதுக்குத்தானே படி?"

எர்வின் காப்பியைக் குடித்தான். அவன் தலை மெதுவாக ஆடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எழுந்து சுவரைத் தட்டினேன். அந்தப் பெண், "விடுங்க ஐயா. நானும் தட்டிப் பாத்தவதான்" என்றாள்.

வண்டியைத் தூக்கினால் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரம் சேற்றில் இறங்கும். "எங்க பக்கம் மூணு வருஷமா மழையே இல்ல சார், சேறு கிடையாது" என்றான் எர்வின். டிரிப் வருத்தத்தோடு, "சேறு சொல்லிட்டா வரும்?" என்று கேட்டான். ஆகவே இறங்கின வண்டியை இழுத்துக்கொள்ள முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் வேண்டும். வின்ச்சைத் தாங்க ஒரு இரும்புக் கூண்டு. கூண்டு விளக்கை மறைக்கும், அதனால் கூரைமேல் வரிசையாக விளக்கு. அத்தனை விளக்குக்கு ஒரு பாட்டரி போதாது, இன்னொன்று. அதை வைக்கப் பின்னால் ஒரு பெட்டி. பெட்டியை எவனாவது திருடிவிடுவான், ஆகவே அதன்மேல் பூட்டுப் போட்ட மூடி. கடைசியாக, ஆற்றில் முழுகினால் இஞ்சின் மூச்சுவிட ஒரு குழாய். எங்கள் ஆற்றில் கோழி இறங்கினால் கால் நனையாது.

"மூடி போட்டா வைக்கோல் எங்க ஏத்துறது?" என்று எர்வின் கேட்டான். அன்றைக்கு அவன் கேட்ட ஒரே புத்தியுள்ள கேள்வி அது.

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டிரிப் எழுந்து போய், கர்னல் ஹாட்லியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான்.

கர்னல் வெள்ளைத் தொப்பியும் வெள்ளி பெல்ட்டுமாக வந்தார். எந்தப் படையில் கர்னல் என்று நான் பிறகு விசாரித்தேன். "மனதளவில்" என்றார்கள். எர்வினின் தோளில் கை போட்டுக்கொண்டு அவர் பேசியதை ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"தம்பி, வைக்கோல்னு சொன்னியாமே. எனக்குக் கோபம் இல்ல. நானும் ஒரு காலத்துல அறியாமையில இருந்தவன்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. டிரக்கை வேலைக்காக வெச்சுக்கிறவன் ஏழை. டிரக்கை டிரக்குக்காகவே வெச்சுக்கிறவன்தான் சுதந்திர மனுஷன். எங்ககிட்ட வாங்கினவங்கள்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் சேத்துல மாட்டிக்கிட்டதில்ல. ஏன் தெரியுமா? சேறு இருக்கிற பக்கமே அவங்க போறதில்ல. இந்த அளவுக்கு நிம்மதியை வேற எந்தக் கடை குடுக்கும்? என் வண்டியையே எடுத்துக்கோ. அதோட பின்பக்கத்துல இதுவரைக்கும் ஒரு சாமான் ஏறினதில்ல. ஒரு தடவை என் சம்சாரம் மளிகைப் பையை வெச்சா. அன்னைக்கே அவளுக்குத் தனியா ஒரு கார் வாங்கிக் குடுத்துட்டேன். பெண்களை மதிக்கணும், தம்பி."

 உடன் வந்தோர் அறையில் குழந்தை பிஸ்கோத்தைத் துப்பியது. எனக்கும் அதே மாதிரிதான் இருந்தது.

"சரி சார்" என்றான் எர்வின்.

வெண்கல மணி அடித்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவன் எர்வினைக் கட்டிப் பிடித்து, "இனிமே நீங்க நம்மாளு" என்றான்.

அடுத்த வாரம் வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள். அந்த வாரம் எர்வின் மூன்று கிடேரிகளைச் சந்தைக்கு ஓட்டியிருந்தான். அந்தக் காசு நேரே மாளிகைக்குப் போனது.

மாளிகையில் டிரக்கைக் கறுப்புத் துணி போட்டு மூடி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். பாட்டுப் போட்டார்கள். எங்கிருந்தோ புகை வந்தது. கர்னல் கையை உயர்த்தி, "ஆண்டவரே, இந்த வண்டி போகும் பாதைகளை எல்லாம் காத்தருளும்" என்று ஜெபம் செய்தார். எங்கள் வீட்டுக்கும் தீவனக் கடைக்கும் நடுவே இருப்பது ஒரே பாதைதான். துணியை உருவினார்கள். டிரிப்பின் கண்ணில் நீர்.

நான் கழுத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒரு வீட்டின்மேல் இன்னொரு வீடு நின்றது.

"கடையோட அன்பளிப்பா ஒண்ணு இருக்கு" என்று கர்னல் என் தோளைத் தட்டிப் பின்பக்கம் கூட்டிப்போனார். இழுவைக் கொக்கியிலிருந்து காளையின் விதைகள் இரண்டு தொங்கின. ரப்பரில் செய்து பொன்னிறம் பூசியிருந்தார்கள். சீ! வசந்தம் வந்தால் நானும் எர்வினும் நாள் முழுக்கக் கன்றுகளுக்கு அதை அறுத்து வாளியில் போடுகிறவர்கள். இந்தக் கருமத்தை ஆசையாக மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறான் மனுஷன். 

"படி எங்க சார்?" என்றான் எர்வின்.

டிரிப் கதவைத் திறந்தான். ர்ர்ர் என்று சத்தத்தோடு வண்டியின் வயிற்றிலிருந்து ஒரு படி வெளியே வந்தது. அழகான படி. ஓரத்தில் நீல விளக்குகூட எரிந்தது. என் தொடை உயரத்தில் வந்து நின்றது.

"இன்னும் கீழ வராதா?"

"வரக் கூடாது சார். கீழ வந்தா பாறையில இடிச்சிடும். அப்புறம் வண்டியைத் தூக்கினதுக்கே அர்த்தமில்லாம போயிடும்."

எர்வின் வாயைத் திறந்தான். டிரிப் அவன் கையில் காப்பிக் கோப்பையைக் கொடுத்தான். எர்வின் வாயை மூடிக்கொண்டான்.

வண்டியை எர்வினே வீட்டுக்கு ஓட்டிவந்தான். எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வருகிறவனுக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். சண்டைக்காரனாக இருந்தாலும் விரல் தூக்க வேண்டும். எர்வின் வழக்கம்போல விரலைத் தூக்கிக்கொண்டே வந்தான். ஒருவரும் பதிலுக்குத் தூக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிக்காரன் எவனோ வருகிறான் என்று கிழவி ஹெட்விக் தன் வண்டியைச் சாலையை விட்டே இறக்கி, முறைத்துக்கொண்டு நின்றாள். அவள் எர்வினின் ஞானத்தாய்.

"மச்சான், அவங்க என்னைப் பாக்கலைன்னு நினைக்கிறேன்" என்றான்.

"பாத்தாங்க மாப்ளே. அதான் முறைச்சாங்க" என்றேன்.

வீட்டு வாசலில் லியோனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். டிரக்கை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பின்னால் வந்து, தொங்குவதையும் பார்த்தாள். 

"படி எங்க?"

எர்வின் கதவைத் திறந்தான். ர்ர்ர். நீல விளக்கு எரிந்தது.

"ஏன் எர்வின், நான் கோழியா? பறந்து போய் உக்கார?"

"இல்ல லியோ, அது பாறையில..."

"பாறையா? எந்தப் பாறை?"

எர்வின் சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கள் மாவட்டத்திலேயே பாறை கிடையாது. லியோனா அவனை இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "பரவாயில்ல விடு. அடுத்த வருஷம் ஆடிக்கலாம்" என்று சொல்லி உள்ளே போனாள். ஆடுவதற்காக எடுத்து வைத்திருந்த நீலப் பாவாடை கதவுக்குப் பின்னால் இஸ்திரி போட்டுத் தொங்கியது. அதை மடித்து அலமாரியில் வைத்துச் சாத்துகிற சத்தம் வாசல்வரை கேட்டது. எர்வின் அந்தப் படியைப் பார்த்தபடியே நின்றான்.

நான் கடைக்குப் போன் செய்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். டிரிப் பொறுமையாகக் கேட்டான்.

"ஐயா சொல்றது நியாயம்தான். அதுக்காகவே எங்ககிட்ட 'பாரம்பரியத் தரை அணுகு மேடை' இருக்கு."

"அப்படின்னா?"

"படிக்கு ஏறுறதுக்கு ஒரு படிய்யா. கீழ வெச்சு ஏறிக்கலாம்."

"முக்காலியா?"

"நாங்க அப்படிச் சொல்றதில்ல. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வந்துடும். ஆனா ஐயா வாங்குறவர் இல்லையே. வாங்கினவரைப் பேசச் சொல்லுங்க."

த்தூ என்று போனை வைத்தேன்.

வழி கண்டுபிடித்தது எர்வின்தான். பிக்னிக் அன்று, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டிரக்கைத் தொழுவத்துக்கு ஓட்டிப்போய், மாடுகளை லாரியில் ஏற்றுகிற மரச் சரிவின் ஓரமாக நிறுத்தினான். சரிவை இரண்டு தடவை கழுவி, மேலே ஒரு பழைய கம்பளத்தையும் விரித்திருந்தான். சரிவின் தலைமாடும் டிரக்கின் இருக்கையும் சரிமட்டமாக நின்றன.

லியோனா நீலப் பாவாடையோடு அதன் கீழே வந்து நின்றாள். அந்தச் சரிவில் எத்தனை மாடு ஏறிப் போயிருக்கிறது, ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பின்னாடி நின்னு ஹை ஹைன்னு ஓட்டாத, அண்ணே" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் கைப்பிடிக் கட்டையை அவள் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. ஒவ்வொரு எட்டாக வைத்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பிக்னிக் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், மாதா கோயிலில் மாட்டுச் சரிவு கிடையாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ஆறு பேர் ஓடிவந்து, தூக்கி இறக்குகிறோம் என்றார்கள். யாரும் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "ஏறினது மாடு மாதிரி. இறங்குறதாவது ஃபிரிட்ஜ் மாதிரி இறங்க வேண்டாம்" என்று லியோனாவும் மறுத்துவிட்டாள். ஏணி கொண்டுவந்தார்கள். அதுவும் கூடாது. கடைசியில் அவள் மேலேயே இருந்தாள். இறைச்சிக் குழம்பையும் ஊறுகாயையும் கொலாச்சி ரொட்டியையும் தட்டில் வைத்துக் கொடிமரத்தில் கொடி ஏற்றுவதுபோல் அவளுக்கு ஏற்றினார்கள். பேச வந்தவர்கள் கழுத்து வலித்ததும் போய்விட்டார்கள். வெயிலில் அவள் முகம் சிவந்துபோனது. எர்வின் டிரக்குக்குப் பக்கத்திலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தைச் சபித்தேன், கடையைச் சபித்தேன், என் கேட்டையும் சபித்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டது. கோயில் கூரைக்கு நன்கொடை கொடுத்து, மைதானத்தின் நடுவில் பந்தல் போட்டிருந்தார் கர்னல் ஹாட்லி. டிரக் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிறாராம். நடுவரும் அவரே. போட்டியில் இருந்த வண்டிகள் எல்லாம் அவர் கடையில் அலங்காரம் செய்தவை.

"நண்பர்களே! அதோ பாருங்கள்!" கர்னல் எங்கள் பக்கம் கையை நீட்டினார். "காலையில வந்த அந்த அம்மா. எல்லாரும் இறங்கிச் சாப்பிடுறாங்க, கூடி உக்காந்து பேசுறாங்க. அவங்க மட்டும் இறங்கல! ஏன்? அந்த வண்டியை விட்டு இறங்கவே மனசு வரல! நாங்க விக்கிறது இதைத்தான். இதுதான் இந்த வருஷத்தோட சிறந்த குடும்ப வாகனம்!"

கூட்டம் கைதட்டியது. கூட்டம் எதற்கும் கைதட்டும். டிரிப் மணியைக்கூடக் கொண்டுவந்திருந்தான், அடித்தான். எங்கள் தலைக்குமேல் லியோனா வண்டிக் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கை அழுது நான் பார்த்தது எங்கள் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று ஒரு தடவைதான். அன்றைக்கு இரண்டாவது தடவை பார்த்தேன்.

கொட்டகையில் அக்கார்டியன் ஆரம்பித்தது. வயதான ஜோடிகளுக்கான மெதுவான வால்ட்ஸ்.

"மேடைக்குப் பக்கத்துல வண்டியைக் கொண்டுவாங்க சார்!" என்றார் கர்னல். "கோப்பையை வாங்கிக்குங்க!"

எர்வின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"மாட்டேன் சார்" என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஞானத்தாய் ஹெட்விக்கும் கேட்டதில்லை போலிருக்கிறது, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அவன் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், கூண்டைப் பிடித்துத் தொங்கி ஏறி, வண்டியைக் கிளப்பினான். நானும் பின்னாலேயே ஓடினேன். மேடைப் பக்கம் போகவில்லை. வேலி வாசலைத் தாண்டி, கொட்டகைக்கு எதிரே சாலையோரமாக மாவட்டச் சாலைக்காரர்கள் வெட்டியிருக்கிற மழைநீர்ப் பள்ளம் பக்கம் போனான். நல்ல அகலமான பள்ளம், இடுப்பு ஆழம், மழையைப் பார்த்து மூன்று வருஷமானதால் எலும்பாகக் காய்ந்திருந்தது. சரிவாக இருந்த முனையில் இறங்கி, அதன் அடித்தளத்தில் மெல்ல ஓட்டிவந்து, கொட்டகைக்கு நேராகக் கரையை ஒட்டி நிறுத்தினான்.

"வின்ச்! வின்ச்சைப் போடுங்க!" என்று டிரிப் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

லியோனா தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ர்ர்ர் என்று படி வெளியே வந்து, மண் கரையில் முட்டி, கிறீச்சிட்டு வளைந்து நின்றுபோனது. நீல விளக்கும் அணைந்தது. அவளுக்கு அது தேவையாக இருக்கவில்லை. கரை கதவோடு சரிமட்டமாக இருந்தது. கைத்தடியை வைத்தாள், ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள். புல்லின்மேல் நின்றாள்.

"நண்பர்களே!" கர்னலின் குரல் பின்னாலிருந்து வந்தது. "சாலையை விட்டு இறங்கிவிட்டது! எங்கள் வண்டி எங்கும் போகும்!" மறுபடி மணி அடித்தது, மறுபடி கைதட்டினார்கள்.

எர்வின் அந்தப் பக்கமாக இறங்கி, பள்ளத்தில் நடந்து, கரையேறி வந்து அவளுக்குக் கை கொடுத்தான். அவள் உடனே நகரவில்லை. பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பள்ளத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏன் எர்வின்" என்றாள். "இதே பள்ளம் நம்ம வீட்டு வாசல்லயும் இருக்குல்ல?"

எர்வின் பள்ளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். தூக்காத பழைய டிரக்கை அந்தப் பள்ளத்தில் நிறுத்தியிருந்தால் படியே தேவைப்பட்டிருக்காதே என்று மூன்று பேருமே யோசித்துக்கொண்டிருந்தோம்.

"இருக்கு, லியோ" என்றான்.

"சரி, வா."

அவர்கள் கொட்டகைக்குள் நுழைந்தபோது பாட்டு பாதி முடிந்திருந்தது. மிச்சமிருந்த பாதியை ஆடினார்கள்.